கணக்கு நோட்டு யார் கையில்? உதவி பெறும் ஊர்களும் தற்சார்பும்

2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற முதல் நாளிலேயே, வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப். மார்ச் மாதம், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்து என்ற அறிவிப்பு வந்தது. 1961இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் ஜூலை 1 அன்று தன் உதவிப் பணிகளை முற்றிலும் முடித்துக்கொண்டது. தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டை உதவிக்கு ஒதுக்கிவந்த பிரிட்டன், 2027க்குள் அதை 0.3 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக அதே ஆண்டு பிப்ரவரியில் சொன்னது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மருந்தகங்கள் பூட்டப்பட்டன. வீடு வீடாகச் சென்றுவந்த சுகாதாரப் பணியாளர்கள் திடீரென வேலையிழந்தார்கள்.

இந்த முடிவுகளால் அடிபட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கண்டித்தே ஆக வேண்டும். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: இருபது, முப்பது ஆண்டுகள் பணம் வந்த ஊர்களில், பணம் நின்றதும் ஏன் எல்லாமே நின்றது? வெளிப்பணம் குறைந்த பிறகும் மருத்துவமனை இயங்கும் ஊர்கள் உண்டு. சங்கம் கூடும் ஊர்கள் உண்டு. குழாயில் தண்ணீர் வரும் ஊர்கள் உண்டு. இவற்றுக்கும் மற்றவற்றுக்கும் என்ன வேறுபாடு?

இதற்கு விடை தேடும்போது இரண்டு விஷயங்கள் அடிக்கடி குழம்பிப்போகின்றன. பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. அதை எதற்குச் செலவிடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது மற்றொன்று. தற்சார்பு என்றதும் நாம் முதல் கேள்வியை மட்டுமே பார்க்கிறோம். தெற்காசியாவின் அரை நூற்றாண்டு அனுபவமோ இரண்டாவது கேள்விதான் தலையானது என்று காட்டுகிறது.

காகிதத்தில் இருந்த வாக்குறுதிகள்

உதவி பெறுபவர்களே தங்கள் வளர்ச்சியை வழிநடத்த வேண்டும் என்பது புதிய கருத்தல்ல. 2005ஆம் ஆண்டு பாரிஸ் பிரகடனத்தின் ஐந்து கொள்கைகளில் முதலாவதே அதுதான். 2016 மே மாதம் இஸ்தான்புல் நகரில் நடந்த உலக மனிதநேய உச்சி மாநாட்டில் கொடை நாடுகளும் பெரிய தொண்டு நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: 2020க்குள் நிவாரண நிதியில் 25 விழுக்காட்டை முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவது. 2020 வந்து போயிற்று. நேரடியாகச் சென்ற பங்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. 2021இல் யு.எஸ்.எய்டும் தன் பங்குக்கு 25 விழுக்காடு என்ற இலக்கை அறிவித்தது. மூடப்படும் காலம் வரை அதன் உள்ளூர்ப் பங்கு 10 விழுக்காட்டை ஒட்டியே நின்றது.

மனமில்லாததால் மட்டும் இது நடக்கவில்லை. பணம் பாயும் வாய்க்காலே அப்படி வெட்டப்பட்டிருக்கிறது. கொடை நிறுவனத்தில் ஓர் அதிகாரி நூறு சிறிய சங்கங்களின் கணக்கைச் சரிபார்ப்பதைவிட ஒரு பெரிய நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுவது எளிது. விண்ணப்பமும் அறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மூன்றாண்டு தணிக்கை அறிக்கை வேண்டும். இவற்றை எழுதத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் தேறி வந்தால், பெரிய நிறுவனம் இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்து அவரை அழைத்துக்கொள்கிறது. அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம் போன்ற செலவுகளைப் பெரிய நிறுவனங்களுக்குத் தாராளமாகக் கொடுக்கும் நிதியாளர்கள், கடைசிக் கண்ணியில் இருக்கும் சிறிய அமைப்புக்குத் திட்டச் செலவை மட்டுமே தருகிறார்கள். திட்டம் முடியும்போது அந்த அமைப்பும் சேர்ந்தே முடிகிறது.

இந்தியாவில் இன்னொரு தடையும் சேர்ந்தது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டம், வெளிநாட்டுப் பணம் பெறும் ஒரு தொண்டு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதை அடியோடு தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. முறைகேடுகளைத் தடுப்பதே நோக்கம் என்று அரசு சொன்னது. நடைமுறையில், பெருநகர நிறுவனங்கள் வழியாக நிதி பெற்றுவந்த சிற்றூர் அமைப்புகளுக்கு அந்த வாசல் அடைபட்டது.

அடிபம்பு சொல்லும் பாடம்

யார் கையில் பொறுப்பு இருக்கிறது என்பதை ஓர் அடிபம்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1960களின் வறட்சிக்குப் பிறகு இந்தியாவெங்கும் ஆழ்துளைக் கிணறுகளும் பம்புகளும் போடப்பட்டன. வார்ப்பிரும்பு பம்புகள் சில மாதங்களிலேயே உடைந்தன. 1970களில் யுனிசெஃப் முன்னின்று, சோலாப்பூரில் உருவான ஒரு வடிவத்தை மேம்படுத்தி, ‘இந்தியா மார்க் 2’ என்ற பம்பைக் கொண்டுவந்தது. கோவை வட்டாரத்தில் அது சோதிக்கப்பட்டது; சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரானது. பின்னர் உலகெங்கும் பரவிய பம்பு அது.

உறுதியான பம்புதான். பழுதானால்தான் சிக்கல். நிலத்தடியில் ஆழத்தில் இருக்கும் சிலிண்டருக்குள் தோல் வாஷர் தேய்ந்தால், தண்ணீர் வராது. சில ரூபாய் பெறும் அந்த வாஷரை மாற்ற, முக்காலி கட்டி, இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். அதற்கு வேன் வேண்டும், பயிற்சி பெற்ற குழு வேண்டும். தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் குழு என்று மூன்றடுக்கு ஏற்பாடு செய்தார்கள். ஊர்ப் பராமரிப்பாளர் செய்ய முடிந்தது நட்டுகளை முறுக்குவதும், அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு வேனுக்காகக் காத்திருப்பதும்தான்.

1980களில் கோவை மாவட்டத்தில் அந்தப் பம்பை மறுபடி மாற்றிச் சோதித்தார்கள். மேலே வரும் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். பிஸ்டனையும் அடிவால்வையும் அந்தக் குழாய்க்குள்ளேயே மேலே இழுத்துவிடலாம். குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. ‘இந்தியா மார்க் 3’ என்று பெயர் பெற்ற அந்த வடிவத்தில், ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சில கருவிகளோடு சேர்ந்து வாஷரை மாற்றிவிட முடிந்தது. வேனுக்காகக் காத்திருந்த பொறுப்பு, குழாயின் விட்டம் மாறியதும் ஊருக்குத் திரும்பியது.

எந்தக் கருவியைக் கொடுக்கிறோம் என்பதிலேயே யாரை நம்பி இருக்க வைக்கிறோம் என்பதும் அடங்கிவிடுகிறது. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்க நாடுகளில் 2009இல் திரட்டப்பட்ட கணக்கின்படி, கைப்பம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இயங்கவில்லை. அவை பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு போடப்பட்டவை. உதிரிப் பாகம் எந்தக் கடையில் கிடைக்கும், அதற்கு யார் காசு கொடுப்பார் என்பது போடும்போதே முடிவாகவில்லை.

சேமிப்பும் கடனும்

பணத்தின் பக்கம் வருவோம். 1991இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில், கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் ஆதரவோடு பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தொடங்கின. வெளியிலிருந்து ஒரு காசு முதலும் தரப்படவில்லை. பெண்கள் வாராவாரம் போட்ட சிறுதொகையே முதல்; அதிலிருந்தே கடன்; வட்டியும் அவர்களுக்கே. பின்னால் பல நாடுகளில் பரவியபோது, அந்தப் பணம் மூன்று பூட்டுகள் கொண்ட ஓர் இரும்புப் பெட்டியில் வைக்கப்பட்டது. சாவிகள் மூன்று வேறு பெண்களிடம் இருக்கும். மூவரும் வந்தால்தான், எல்லோர் முன்னிலையிலும்தான், பெட்டி திறக்கும். தணிக்கை அதிகாரி வர வேண்டிய தேவையே எழவில்லை.

நம் பக்கத்தில் இதே கதை இன்னும் பெரியது. 1980களில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் கர்நாடகக் கிராமங்களில் அமைத்த கடன் நிர்வாகக் குழுக்கள், 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள், 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்த்த, வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் முன்னோட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் இயக்கத்துக்கு அடிக்கல் நாட்டின. வெளிநாட்டுக் கடனில் தொடங்கிய தருமபுரித் திட்டம், 1997-98 முதல் மாநில அரசின் சொந்தப் பணத்தில் ‘மகளிர் திட்டம்’ ஆயிற்று. இன்று நாடெங்கும் வங்கிக் கணக்கோடு இயங்கும் குழுக்கள் ஒரு கோடிக்கு மேல். உதவித் திட்டம் ஒன்று உதவியைக் கடந்து வளர்ந்ததற்கு இதைவிடப் பெரிய சான்று உலகில் அதிகம் இல்லை.

இதன் உயிர், குழுக் கூட்டத்தில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்த மாலையில், பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். சந்தாப் பணம் எண்ணப்படும். தீர்மான நோட்டில் எழுதப்படும். யாருக்குக் கடன், எதற்கு, எத்தனை தவணை என்று வாய்விட்டுப் பேசி முடிவெடுப்பார்கள். மகனின் கல்லூரிக் கட்டணமா, ஆடு வாங்கவா, கந்துவட்டிக்காரரிடம் மாட்டிய நகையை மீட்கவா என்று ஒருவர் நிலைமை மற்றவருக்குத் தெரிந்தே இருக்கும். ஊக்குநர், பிரதிநிதி என்ற பொறுப்புகள் சுற்றுமுறையில் மாறும் குழுக்களில் கணக்குப் பார்க்கத் தெரிந்த பெண்கள் பலர் உருவானார்கள். ஒருவரே ஆண்டுக்கணக்கில் நோட்டை வைத்திருந்த குழுக்களில் சந்தேகமும் உடைவும் வந்தன.

அந்த நோட்டு கைமாறும்போது என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. குழுவின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சேமிப்பையும் முடிவெடுக்கும் உரிமையையும் கழற்றிவிட்ட நுண்கடன் நிறுவனங்கள் லாபத்துக்காகக் கிராமங்களுக்குள் நுழைந்தன. ஒரே பெண்ணுக்கு நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்தன. கடன் சுமை தாங்காமல் நடந்த தற்கொலைகளுக்குப் பிறகு, அவற்றைக் கட்டுப்படுத்த 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. போர் முடிந்த இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இதே கதை இன்னும் கொடூரமாக நடந்தது. நிவாரண நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறிய இடத்தை நுண்கடன் நிறுவனங்கள் நிரப்பின. கணவனை இழந்து குடும்பத்தைச் சுமந்த பெண்கள், ஒரு கிழமைக் கட்டுப்பணத்தை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள். 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பெண்களின் கடன்களை இலங்கை அரசே ஏற்க முன்வர வேண்டியிருந்தது. வடக்கில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்த சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு, போர் முடிந்த உடனேயே முதல் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தால் அந்தப் பெண்களில் பலர் தப்பியிருப்பார்கள்.

சொத்தும் சந்தையும்

சேமிப்பு மட்டும் வறுமையை ஒழிக்காது. விளையும் பொருளுக்கு விலை வைப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி.

திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைக் கிராமமான மரியநாட்டில், 1960களின் இறுதியில் மீனவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை வலைக்கும் படகுக்கும் கடன் கொடுத்த வியாபாரிக்கே, அவர் சொன்ன விலையில் மீனைக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் சங்கம் அமைத்து, கரையில் நடக்கும் முதல் ஏலத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்றன்றைய விற்பனையிலிருந்து ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, ஒரு பங்கு சங்கச் செலவுக்கு என்று பிடிக்கப்பட்டது. மீன் பட்ட நாளில் தவணை. படாத நாளில் தவணை இல்லை. கடலின் கணக்குக்கு ஏற்ற கடன் கணக்கு அது. அந்த வேரிலிருந்து வளர்ந்த சங்கங்கள் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கன்னியாகுமரிக் கரையிலும் அது பரவியது.

வங்கதேசத்தின் பிராக் நிறுவனத்தின் வளர்ச்சியிலும் இதே தெளிவு இருந்தது. 1972இல், விடுதலைப் போரிலிருந்து திரும்பிய அகதிகளுக்கு உதவ, ஃபஸ்லே ஹசன் அபெத் தன் லண்டன் வீட்டை விற்ற பணத்தோடு சில்ஹெட் பகுதியின் சல்லாவில் தொடங்கியது பிராக். பட்டு நெய்த பெண்களுக்குக் கடைக்காரர்கள் மாதக்கணக்கில் பணம் பாக்கி வைப்பதைப் பார்த்துவிட்டு, 1978இல் ‘ஆரோங்’ என்ற கடையைத் திறந்தது. பொருளைக் கொடுத்ததும் கையில் காசு. அந்தக் கடை இன்று நாட்டின் பெரும் விற்பனைச் சங்கிலி. இப்படி எழுந்த தொழில்களின் வருமானத்தால் பிராக் தன் செலவில் பெரும்பகுதியைத் தானே ஈட்டும் நிலைக்கு வந்தது.

மிகவும் ஏழைகளுக்கான அதன் 2002ஆம் ஆண்டுத் திட்டமும் கவனிக்கத்தக்கது. கடன் வாங்கக்கூட வழியில்லாத பெண்ணுக்கு ஒரு மாடோ ஆடுகளோ இலவசமாகத் தருவது; அது பலன் தரும்வரை சாப்பாட்டுச் செலவுக்குச் சிறுதொகை; வாராவாரம் வந்து பார்க்கும் ஒரு பணியாளர்; சேமிப்புப் பழக்கம். எல்லாம் இரண்டு ஆண்டுக்குள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதைச் சோதித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது: உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும் பெரும்பாலான நாடுகளில் பலன் நீடித்தது. மேற்கு வங்கத்தில் பத்தாண்டுகள் கழித்தும் அந்தக் குடும்பங்கள் மேலான நிலையிலேயே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் பல குடும்பங்கள் தேர்ந்தெடுத்த கோழிகள் நோய் வந்து செத்தன. பலனும் அதோடு தேய்ந்தது. கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லாத ஊரில் கோழி தருவதும், வாஷர் கிடைக்காத ஊரில் பம்பு போடுவதும் ஒரே தவறுதான்.

கூடலூரில் நடந்தது

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய பழங்குடிகள் வாழ்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த நிலம் அவர்கள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 1980களின் நடுவில் ஸ்டான், மாரி தேக்கேக்கரா தம்பதியர் அங்கே ‘அக்கார்டு’ அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் திட்டம் எதையும் கட்டியெழுப்பவில்லை. ஊர் ஊராகச் சங்கங்கள் உருவாகத் துணைநின்றார்கள். அவை ஒன்றுசேர்ந்து ‘ஆதிவாசி முன்னேற்றச் சங்கம்’ ஆயின. 1988இல் ஆயிரக்கணக்கான பழங்குடியினர் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதிகளில் நடந்தார்கள். மீட்ட நிலத்தில் தேயிலை நட்டார்கள். பயிர் நிற்கும் நிலத்தை யாரும் காலி நிலம் என்று வளைக்க முடியாது.

நலவாழ்வுப் பணியும் இப்படியே வளர்ந்தது. முதலில் ஊர்கள் தேர்ந்தெடுத்த பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பிரசவத்தில் தாய்மார் சாவதைத் தடுக்க மருத்துவமனை வேண்டும் என்று மக்களே கேட்ட பிறகு, 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத பழங்குடிப் பெண்கள் அங்கேயே பயிற்சி பெற்றுச் செவிலியர் ஆனார்கள். மருத்துவமனையை நடத்தும் பொறுப்பு படிப்படியாக அவர்கள் கைக்கு வந்தது. குடும்பங்கள் சிறுதொகை செலுத்திச் சேரும் காப்பீட்டுத் திட்டமும் 1990களிலேயே தொடங்கியது.

இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த மருத்துவமனை பழங்குடியினரின் சந்தாவில் மட்டும் நடந்துவிட முடியாது. வெளிப்பணம் அதற்கு இன்னும் வேண்டியிருக்கிறது. 1990களின் இறுதியில் நீலகிரித் தேயிலை விலை சரிந்தபோது, மீட்ட நிலத்தின் வருமானமும் சரிந்தது. இதைத் தோல்வி என்று சொல்பவர்கள், ஏழைகளின் மருத்துவமனை எந்த நாட்டில் ஏழைகளின் கட்டணத்தில் நடக்கிறது என்று சொல்லட்டும். அங்கே நடந்த மாற்றம், யாருக்கு என்ன தேவை என்பதைப் பழங்குடியினரே பேசி முடிவு செய்வது. அதைத்தான் நான் தற்சார்பு என்பேன்.

ஊர் முடிவு எல்லோருடைய முடிவா?

உள்ளூர் தலைமை என்றதும் மனம் குளிர்ந்துவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் குவிந்த நிவாரணம் பெரும்பாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியாகவே போனது. ஊரின் கட்டுக்கோப்பால் பொருட்கள் விரைவாகவும் ஒழுங்காகவும் பகிரப்பட்டன. அது பெரிய நன்மை. ஆனால் அந்தப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இடமில்லை. மீன் விற்ற தனிப் பெண்கள், உப்பு படிந்த வயல்களில் கூலி இழந்த தலித் மக்கள், கரையோரத்தில் வாழ்ந்த இருளர்கள் பட்டியலில் விடுபட்டார்கள். மறுபுறம், நன்கொடையாளர்கள் போட்டிபோட்டுக் கொடுத்த கண்ணாடியிழைப் படகுகள் தேவைக்கு மேல் பெருகின. படகு கொடுப்பது படமெடுக்க நன்றாக இருந்தது. வலை பின்னும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்க நேரமிருக்கவில்லை.

இதற்கு மாற்றுவழி ஒடிசாவில் இருக்கிறது. 1971இல் வங்கதேச அகதிகளுக்கும் பின்னர் ஒடிசாப் புயலில் சிக்கியவர்களுக்கும் பணியாற்றச் சென்ற சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களில் ஒருவரான ஜோ மதியத், 1979இல் ‘கிராம் விகாஸ்’ அமைப்பைத் தொடங்கினார். தண்ணீர், கழிப்பறைத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே: ஊரில் ஒரு குடும்பம்கூட விடுபடக் கூடாது. சாதி எதுவானாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே தொட்டியிலிருந்து தண்ணீர். ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை, குளியலறை, சமையலறை என மூன்று குழாய். குடும்பத்துக்குச் சராசரியாக 1,000 ரூபாய் வைப்பு நிதி. வசதியுள்ளவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் கொடுக்கலாம். அதன் வட்டியில், பின்னாளில் தனிக்குடித்தனம் போகும் புதுக் குடும்பங்களுக்கும் அதே வசதி. சில ஊர்கள் இணங்க ஆண்டுகள் ஆயின. கிராம் விகாஸ் காத்திருந்தது. அந்தப் பொறுமையைத்தான் மூன்றாண்டுத் திட்டங்களால் வாங்க முடிவதில்லை.

அரசுக்கு விடுமுறை கிடையாது

தற்சார்பு என்ற பேச்சு, அரசு தன் கடமையிலிருந்து நழுவுவதற்கு வழியாகிவிடும் ஆபத்து உண்டு. கராச்சியின் ஒராங்கி குடியிருப்பு இதற்குத் தெளிவான வரையறையைத் தந்தது. 1980இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் அங்கே வந்தபோது தெருக்களில் சாக்கடை ஓடியது. இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் ஓர் அமைப்பானது. தங்களில் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்து, பணம் திரட்டி, குழாய் பதித்தார்கள். அவர் தொடங்கிய ஒராங்கி முன்னோட்டத் திட்டம் வரைபடமும் மட்டக் கருவியும் ஆலோசனையும் கொடுத்தது. மக்களின் பணத்தை அது தொடவே இல்லை. ஒப்பந்ததாரர் இல்லாததாலும் வடிவமைப்பை எளிமையாக்கியதாலும் செலவு அரசு மதிப்பீட்டில் சிறு பங்காகக் குறைந்தது. கூடவே அவர்கள் ஒரு கோடு கிழித்தார்கள்: வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு, பெருங்கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. அந்தத் திட்டத்தை வழிநடத்திய பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏழைகள் தங்கள் நிலத்தின் வரைபடத்தைத் தாங்களே வைத்திருப்பதை எல்லோரும் விரும்புவதில்லை.

கேரளம் இதை மாநில அளவில் செய்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. 1998இல் வந்த குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் வார்டு, பஞ்சாயத்து என்று அடுக்கடுக்காகத் தேர்தல் நடத்தி உள்ளாட்சியோடு இணைந்தன. 2018 வெள்ளத்துக்குப் பின் வீடுகளைச் சுத்தம் செய்ததும், 2020 கொரோனா முடக்கத்தில் சமுதாயச் சமையலறைகளை நடத்தியதும் அந்த வலைப்பின்னல்தான். பணம் பொதுப்பணம், நடத்தியது உள்ளூர்.

இலங்கையில் இந்திய அரசின் 50,000 வீடுகள் திட்டத்திலும் இந்த அணுகுமுறையின் சாயல் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தவணைகளாக அவர்கள் வங்கிக் கணக்குக்கே போயிற்று; வீட்டை அவர்களே கட்டினார்கள். வாசல் எந்தத் திசை, அடுக்களை எங்கே என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்ய முடிந்தது. அதே நேரம், பொருள் விலை ஏறி, கூலிக்கு ஆள் கிடைக்காமல், கடன்பட்டு வீட்டை முடித்த பெண்கள் பலர். முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டுத் துணையை எடுத்துவிட்டால் அந்த உரிமையே சுமையாகிவிடும்.

விலகும் முறை

உதவியின் தரத்தை அது விலகும் விதத்தில் பார்க்கலாம். ஏ.டி.ஆரியரத்ன 1958இல் தொடங்கிய இலங்கையின் சர்வோதய இயக்கம், ஒரு கிராமம் ஐந்து படிகளில் எழ வேண்டும் என்று வகுத்தது: மனத் தயாரிப்பு, சங்கங்கள், அடிப்படைத் தேவைகள், சொந்த வருமானம், கடைசியாக அண்டைக் கிராமத்துக்கு உதவுவது. சிரமதானத்தில், அதாவது உழைப்புக் கொடையில், பிறந்த அந்த இயக்கமே வெளிநாட்டு நன்கொடையால் பெருத்தபோது, நிதியாளர்களின் அட்டவணைக்கு ஆட ஆரம்பித்தது. 1990களில் நன்கொடையாளர் கூட்டமைப்போடு உறவு கசந்து நிதி சுருங்கியதும், பணியாளர்களைப் பெருமளவு குறைக்க வேண்டி வந்தது. பணம் வருவதும் போவதும் வேறொருவர் கையில் இருந்தால், தற்சார்பைப் போதிக்கும் இயக்கமும் தள்ளாடும்.

நல்ல விலகலுக்கு அடையாளங்கள் உண்டு. விலகும் தேதி தொடக்கத்திலேயே மக்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டடம், நிலம், வண்டி, வைப்பு நிதி எல்லாம் மக்கள் அமைப்பின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கும். கடைசி ஆண்டுகளில் வெளியாட்கள் பின்னிருக்கையில் இருப்பார்கள். தவறு நடந்தாலும் திருத்தத் தாவ மாட்டார்கள். வங்கி, உள்ளாட்சி, அரசுத் துறை ஆகியவற்றோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டிருக்கும். இதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். மூன்றாண்டு நிதியை மூன்றாண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போவது அதே நீளமானாலும் அதே பலனைத் தராது. ஒவ்வொரு முறையும் ஊர் தன் தேவையை விட்டுவிட்டு நிதியாளரின் புதிய தலைப்புக்கு ஏற்பப் பேசக் கற்றுக்கொள்கிறது.

இத்தனை அனுபவங்களிலிருந்தும் ஒரு முடிவுக்கு வரலாம். உதவி எந்த ஊரில் முதல் நாளிலிருந்தே மக்களின் கணக்கு நோட்டிலும் மக்களின் கூட்டத்திலும் நுழைந்ததோ, அந்த ஊர் உதவி குறைந்தபோது ஆட்டம் கண்டாலும் விழவில்லை. உதவி தனக்கென ஓர் அலுவலகம், ஒரு வேன், ஓர் அறிக்கை மொழி என்று தனியுலகம் அமைத்துக்கொண்ட இடத்தில், அந்த அலுவலகம் பூட்டப்பட்ட அன்றே எல்லாம் முடிந்தது. தற்சார்பு கடைசி ஆண்டில் நடத்தும் பயிற்சி வகுப்பால் வருவதில்லை. கல்வி, மருத்துவம், பெருங்கால்வாய் போன்றவற்றுக்குப் பொதுப்பணம் என்றென்றும் வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் வலிமையும் தற்சார்பின் ஒரு பகுதிதான்.

ஊருக்கு உதவ நினைக்கும் ஒவ்வொருவரையும், அது புலம்பெயர் தமிழர்களின் ஊர்ச் சங்கமானாலும், பழைய மாணவர் அறக்கட்டளையானாலும், பெருநிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியானாலும், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணம் அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதைக் கேட்டது யார்? கெட்டுப்போனால் பழுது பார்ப்பவர் யார்? கணக்கு எழுதுபவர் யார், அதைப் பார்க்கும் உரிமை அந்த ஊரின் கடைசி வீட்டுப் பெண்ணுக்கும் இருக்கிறதா? மூன்றுக்கும் ஊருக்குள்ளிருந்தே விடை கிடைத்தால் தயங்காமல் கொடுங்கள். கிடைக்காவிட்டால், முதல் ஆண்டின் பணத்தை அந்த விடைகளை உருவாக்கவே செலவிடுங்கள்.